இருப்பிடம் அறியாத உடற்கூறு

ஓர் உயிரின் கால்கள், கொம்புகள், தாடைகள் அனைத்தையும் அணு பிசகாமல் வரைந்துவிட்டு, அது வாழ்ந்த இடத்தை மட்டும் குறிக்காமல் விட்டால் அந்த உடற்கூற்று விவரிப்பை முழுமையானது என்று ஏற்கலாமா? காட்டில் திரியும் மானுக்கும் கடலில் நீந்தும் சாளைக்கும் இந்தக் கேள்வி அவ்வளவு உறைக்காது. இன்னொரு உயிரின் உடம்புக்குள் வாழ்நாளைக் கழிக்கும் பிராணிக்கு இதுவே முதல் கேள்வி. அசிடியன்கள் என்னும் கடலுயிர்களுக்குள் குடியிருக்கும் கோபிபாடுகள் என்னும் சிறு ஓட்டுடலிகளைப் பற்றி நம் கடல்களிலிருந்து எழுதப்பட்டவற்றை இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடைபோட வேண்டும். அப்படி எடைபோடப் போகிறவர் கொல்கத்தாவைத் தவிர்க்க முடியாது.

கொல்கத்தாவிலிருந்து திறந்த கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஹூக்ளியின் சேற்று நீரில் அசிடியன்களைத் தேடிப் பயனில்லை. ஆனால் 1814இல் ஆசியக் கழகத்தின் கட்டடத்தில் தொடங்கிய இந்திய அருங்காட்சியகமும், 1916 ஜூலை 1 அன்று நெல்சன் அனன்டேலை முதல் இயக்குநராகக் கொண்டு பிறந்த இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனமும் இந்த நகரத்தில் இருக்கின்றன. இன்வெஸ்டிகேட்டர் என்ற அளவைக் கப்பல் அந்தமான் கடலிலும் வங்காள விரிகுடாவிலும் வாரியெடுத்த உயிர்கள் சாராயக் குப்பிகளில் அடைபட்டு வந்து சேர்ந்தது இங்கேதான். இந்தியக் கடல்களின் கோபிபாடுகளைப் பற்றிய நம் அடிப்படை அறிவில் பெரும்பகுதியைத் தந்த ராபர்ட் பெரஸ்ஃபோர்டு சீமோர் சீவெல், அந்தக் கப்பலில் மருத்துவராகவும் இயற்கையியலாளராகவும் பணிசெய்தவர். 1925 முதல் 1933 வரை விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவரும் அவரே.

முதலில் வீட்டைப் பார்த்துவிடுவோம். கல்லூரியில் விலங்கியல் படித்தவர்களுக்கு ஹெர்ட்மேனியா நினைவிருக்கும். எஸ். எம். தாஸ் 1936இல் இந்திய விலங்கியல் நினைவேடுகள் வரிசையில் அதைப் பற்றித் தனி நூலே எழுதினார். அதன் பிறகு நம் பட்டப்படிப்புப் பாடநூல்களில் அசிடியன் என்றால் ஹெர்ட்மேனியாதான். பாறையிலோ சிப்பியிலோ கப்பலின் அடிப்பாகத்திலோ ஒட்டிக்கொண்டு, தொட்டால் நீரைப் பீய்ச்சியடிக்கும் ஒரு தோல்பை. அதற்கு இரண்டு வாய்கள். ஒன்றின் வழியே கடல்நீர் உள்ளே போகிறது, மற்றொன்றின் வழியே வெளியேறுகிறது. இரண்டுக்கும் நடுவே, உடம்பின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு, சல்லடை போன்ற செவுள்கூடை. அதன் துளைகளின் ஓரங்களில் நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்து நீரை இழுக்கின்றன. கூடையின் ஒரு பக்கத்தில் எண்டோஸ்டைல் என்னும் சுரப்பிப் பள்ளம் சளியைச் சுரக்கிறது. அந்தச் சளி மெல்லிய விரிப்பாகக் கூடையின் உட்சுவரில் பரவி, நீரோடு வரும் நுண்பாசிகளைப் பிடித்து, எதிர்ப்பக்கத்தை அடைந்ததும் கயிறாகச் சுருண்டு உணவுக்குழலுக்குள் இறங்குகிறது.

இந்தக் கூடைக்குள் குடியேறும் உயிருக்குக் கிடைப்பவற்றை எண்ணிப் பாருங்கள். நீர் எப்போதும் புதிதாக வருகிறது. அதிலேயே உயிர்வளி இருக்கிறது. உணவு வடிகட்டப்பட்டு, திரட்டப்பட்டு, கண்முன்னே நகர்கிறது. மீன்கள் உள்ளே வர முடியாது. இரண்டு ஆபத்துகள் மட்டுமே மிச்சம். நீரோட்டம் அடித்துக்கொண்டு போகலாம். அசிடியன் திடீரென்று சுருங்கும்போது நசுங்கலாம் அல்லது வெளியே பீய்ச்சப்படலாம். இங்கே குடியிருக்கும் நோட்டோடெல்ஃபிடே குடும்பத்துக் கோபிபாடுகளின் உடற்கூற்றைப் படிக்கும் எவரும் இந்த வசதிகளையும் இந்த ஆபத்துகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த உடம்பு ஒரு புதிராகவே நின்றுவிடும்.

அயர்லாந்தின் ஜார்ஜ் ஆல்மன் 1847இல் நோட்டோடெல்ஃபிஸ் என்னும் பேரினத்தை முதன்முதலில் விவரித்தார். அந்தப் பேரினத்துப் பெண்ணை உருப்பெருக்கியின் கீழ் வைத்தால் முதலில் கண்ணைக் கவர்வது அதன் முதுகு. சில மில்லிமீட்டர் நீளமே உள்ள அந்த உடம்பின் நடுப்பகுதியில் கால் தாங்கும் பின்கண்டங்கள் இணைந்து உப்பி, ஓர் அறையாக எழும்பி நிற்கின்றன. முட்டைகள் அந்த அறைக்குள்தான் வளர்கின்றன. நம் குளத்து நீரில் திரியும் சைக்ளாப்ஸ் தன் முட்டைகளை வாலுக்கு இருபுறமும் இரண்டு பைகளில் தொங்கவிட்டுக்கொண்டு நீந்துவதைப் பள்ளிப் பாடப்படத்திலேயே பார்த்திருப்போம். அசிடியனின் கூடைக்குள் அப்படித் தொங்கவிட்டால் முட்டைப்பை செவுள்துளைகளில் சிக்கும். புரவலன் சுருங்கும் ஒவ்வொரு முறையும் பிய்ந்துபோகலாம். முதுகறைக்குள் இருக்கும் முட்டைகளுக்கு அந்த அபாயம் இல்லை. பொரிந்த நாப்ளியஸ் குஞ்சுகள் அறையிலிருந்து வெளிப்பட்டு, புரவலன் வெளியேற்றும் நீரோடு கடலுக்குப் போகின்றன.

அடுத்து இரண்டாம் உணர்கொம்பு. பெயர் உணர்கொம்பு என்றாலும் இங்கே அது உணர்வதற்கு அல்ல. கிளையை இழந்து, சில கணுக்களாகக் குறுகி, நுனியில் வளைந்த ஒரு கொக்கியோடு முடிகிறது. கூடையின் சுவரைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்ற ஒரே தேவை அந்த உறுப்பை இப்படிச் செதுக்கியிருக்கிறது. நீச்சல் கால்கள் நான்கு இணைகளும் இரு கிளைகளோடு அப்படியே இருக்கின்றன. ஆனால் பல பேரினங்களில் அவற்றின் தூவிகள் நீரைத் தள்ளும் துடுப்புத்தன்மையை இழந்து, சுவரில் ஊன்றி நகர்வதற்கு ஏற்ற முட்களாகவும் விறைப்பான மயிர்களாகவும் மாறியிருக்கின்றன. ஐந்தாம் கால் வெறும் மிச்சம்.

வாயுறுப்புகளில்தான் என் பார்வையில் முழு வழக்கும் தீர்கிறது. நோட்டோடெல்ஃபிடே பெண்ணின் மேல்தாடைக்குக் கடிக்கும் விளிம்பில் பற்கள் இருக்கின்றன. அதோடு தூவிகள் நிறைந்த இருகிளைப் பரிச உறுப்பும் இருக்கிறது. அதற்கடுத்த தாடை இணைகளும் தாடைக்கால்களும் தூவிகளும் முட்களும் செறிந்தவை. துளைக்கும் ஊசியும் இல்லை, உறிஞ்சும் குழலும் இல்லை. புரவலனின் இரத்தத்தையோ தசையையோ தின்னும் பிராணியின் வாய் இது அல்ல. நகர்ந்துபோகும் சளி விரிப்பிலிருந்து துகள்களை வாரி, கூட்டி, உள்ளே தள்ளும் பிராணியின் வாய்.

இந்த வாயுறுப்புகளின் முக்கியத்துவத்தை 19ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் கண்டுகொண்டார். ஸ்வீடனின் தாமர்லான் தோரெல் 1859இல் அசிடியன்களுக்குள் வாழும் ஓட்டுடலிகளைப் பற்றி எழுதினார். கடிக்கும் வாய், வேறுபட்ட வாய், குழல் வாய் என்று மூன்றாகப் பிரித்துக் கோபிபாடுகள் முழுவதையும் வகைப்படுத்தும் முயற்சி அந்தக் கட்டுரையில்தான் வந்தது. குழல்வாய்க் கோபிபாடுகளின் வரிசைக்கு இன்றைக்கும் அவர் கையாண்ட பெயரின் தொடர்ச்சியே நிற்கிறது. ஓர் அசிடியனின் தொண்டைக்குள் பார்த்ததை வைத்து ஒரு மாபெரும் உயிர்க்குழுவுக்கே ஒழுங்கு தேடிய அந்தத் துணிவை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். அவர் புரவலனைத் திறந்து பார்த்தவர். கட்டுரையின் தலைப்பிலேயே அசிடியன் இருக்கிறது.

அவருக்குப் பின் வந்த காலம் இந்த உயிர்களுக்கு நியாயம் செய்யவில்லை. 1880இல் ரே லங்கெஸ்டர் சிதைவைப் பற்றி எழுதிய சிறுநூல் படித்தவர்கள் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. உணவும் பாதுகாப்பும் எளிதாகக் கிடைத்துவிட்டால் உயிர்கள் எளிமைப்பட்டு இழிந்துபோகும் என்பது அவர் வாதம். ஒட்டுண்ணி ஓட்டுடலிகளும் அசிடியன்களும் அவர் காட்டிய முதன்மைச் சான்றுகள். வாழ்நாள் முழுவதும் ஓரிடத்தில் ஒட்டிக்கிடக்கும் அசிடியன், முதுகெலும்பிகளின் உறவினராக இருந்து தாழ்ந்தது. அதற்குள் வாழும் கோபிபாடு, நீந்தித் திரிந்த முன்னோரிடமிருந்து தாழ்ந்தது. இரட்டைச் சிதைவு என்ற கதை எழுதுவதற்கும் சொல்வதற்கும் வசதியாக இருந்தது.

அந்த வசதிதான் ஆபத்து. அசிடியனையே எடுத்துக்கொள்வோம். முதிர்ந்த உடலை மட்டும் பார்த்தவரை அதை மெல்லுடலிகளோடு சேர்த்து வைத்திருந்தார்கள். 1866இல் அலெக்சாந்தர் கோவலெவ்ஸ்கி அதன் வால்முளைத்த இளம்பருவத்தில் முதுகுநாணைக் காட்டிய பிறகுதான் அதன் உறவு தெரிந்தது. முதிர்ந்த பெண்ணை மட்டும் பார்த்து நோட்டோடெல்ஃபிடே குடும்பத்தைத் தீர்ப்பிட்டவர்களும் இதே பிழையைச் செய்தார்கள். இக்குடும்பத்தின் ஆண்களைப் பாருங்கள்: சிறியவை, ஒல்லியானவை, சாதாரண சைக்ளாப்ஸ் போன்ற உருவம் கொண்டவை, நீந்தக்கூடியவை. அமெரிக்காவின் பட்ரிசியா டட்லி 1966இல் வெளியிட்ட நூலில் இக்குடும்பத்தின் சில இனங்களை முட்டையிலிருந்து முதிர்ச்சி வரை பருவம் பருவமாகத் தொடர்ந்து விவரித்தார். அந்த நூலைப் படித்தால், தொலைந்ததாகச் சொல்லப்பட்ட உறுப்புகளில் பல தொலையவில்லை, வேறு வேலைக்குத் திரும்பியிருக்கின்றன என்று விளங்கும். எளிமைப்படுத்தல் மட்டுமே நடந்திருந்தால் முதுகறை எங்கிருந்து வந்தது? அது நீந்தும் முன்னோரிடம் இல்லாத புதிய கட்டுமானம்.

லங்கெஸ்டரின் வாதத்தை முழுவதுமாக ஒதுக்கிவிடவும் முடியாது. அசிடியனுக்குள்ளேயே வேறொரு குடும்பம் இருக்கிறது, அசிடிகோலிடே. அதன் அசிடிகோலா ரோசியா உணவுக்குழலுக்குள் இறங்கும் சளிக்கயிற்றோடு வாழ்கிறது; அயர்லாந்தின் கோட்டோ 1957இல் அதன் வாழ்க்கைமுறையை விரிவாக எழுதினார். அக்குடும்பத்தின் வேறு சில பேரினங்கள் கூட்டமாக வாழும் சிறு அசிடியன்களின் குடலிலும் உடற்குழியிலும் புழு போல நீண்டு கிடக்கின்றன. கால்கள் குறுகி, கண்டங்களின் எல்லை மங்கி, சிலவற்றில் மேல்தாடையே இல்லாமற்போய்விட்டது. இங்கே இழப்பு உண்மை. செவுள்கூடையிலிருந்து உணவுக்குழலுக்கும் அங்கிருந்து குடலுக்கும் போகப் போக நீரோட்டம் குறைகிறது, பற்றிக்கொள்ளும் தேவை குறைகிறது, துகள்களைப் பொறுக்கும் தேவையும் குறைகிறது. உடம்பும் அதற்கேற்ப மாறுகிறது. அப்படியானால் கோபிபாட்டின் வடிவத்தைத் தீர்மானிப்பது ஒட்டி வாழ்தல் என்ற பொதுவான நிலை அல்ல. புரவலனின் எந்த அறையில் வாழ்கிறது என்பதே. சிதைவுக் கோட்பாடு இந்த வேறுபாட்டைக் காணவில்லை. ஆகவே அதைப் பாதி உண்மை என்றுகூடச் சொல்ல மாட்டேன். சில பிராணிகளுக்குப் பொருந்தும் ஒரு வருணனையை எல்லாவற்றுக்கும் காரணமாக்கிய தவறு அது.

அறையே வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்று ஏற்றுக்கொண்டால், அறையைக் குறிக்காத உடற்கூற்று விவரிப்பு எவ்வளவு மதிப்புடையது என்ற கேள்வி நம் கடல்களுக்குத் திரும்பி வருகிறது.

1902இல் லிவர்பூலின் வில்லியம் ஹெர்ட்மன் இலங்கையின் முத்துக்குளிப்பு ஏன் பொய்க்கிறது என்று ஆராய மன்னார் வளைகுடாவுக்கு வந்தார். உடன் வந்த ஜேம்ஸ் ஹார்னெல் பிற்காலத்தில் சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநரானவர். ஹெர்ட்மன் சாதாரண ஆள் அல்ல. சேலஞ்சர் கப்பலின் பயணத்தில் கிடைத்த அசிடியன்களைப் பற்றி அறிக்கை எழுதியவர்; ஹெர்ட்மேனியா என்ற பேரினமே அவர் பெயரைத் தாங்கியது. அவருடைய இலங்கைப் பயணத்தில் கிடைத்த கோபிபாடுகளை ஐசக் தாம்சனும் ஆண்ட்ரூ ஸ்காட்டும் 1903இல் விவரித்தார்கள். மன்னார் வளைகுடாவின் கோபிபாடுகளுக்கு அது இன்றும் தொடக்கநூல். அதன் குறை கோபிபாடுகளைத் திரட்டிய முறையில் இருக்கிறது. தூர்வாரி எடுத்த சிப்பி, கடற்பஞ்சு, பாசி முதலியவற்றைச் சேர்த்து அலசி, அலசிய நீரில் அடியில் தங்கியவற்றைப் பொறுக்கியே பெரும்பகுதி திரட்டப்பட்டது. உலகின் தலைசிறந்த அசிடியன் அறிஞர் கப்பலிலேயே இருந்தார். அசிடியன்களைத் தனித்தனியே திறந்து, எதற்குள் எது இருந்தது என்று எழுதிவைக்கும் தகுதி அவரைவிட வேறு யாருக்கு இருந்திருக்கும்? அந்த வாய்ப்பு நழுவிப்போனது எனக்கு இன்றும் வருத்தமளிக்கிறது.

கொல்கத்தாவிலும் புரவலனையும் கோபிபாட்டையும் பிரித்துப் பார்க்கும் அதே பிளவுதான் தொடர்ந்தது. இந்திய அருங்காட்சியகத்தின் அசிடியன் சேகரத்தை ஜப்பானின் அசஜிரோ ஓகா ஆராய்ந்து, அருங்காட்சியகத்தின் நினைவேட்டில் 1915இல் அறிக்கை வெளியிட்டார். புரவலன்களின் பட்டியல் அது. கோபிபாடுகளின் பட்டியல் வேறொரு மேசையில், வேறொரு கையால், வேறு ஆண்டுகளில் உருவானது. வீட்டைப் பற்றி ஒரு நூல், குடியிருப்பவரைப் பற்றி இன்னொரு நூல். இரண்டும் ஒரே நிறுவனத்தின் மரபிலிருந்து வந்தவை, ஆனால் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை.

சீவெலுக்கு வருவோம். 1929லும் 1932லும் இந்திய அருங்காட்சியக நினைவேட்டில் வெளியான அவருடைய கலனாய்டு கோபிபாடுகள் பற்றிய பெருநூல், நான் எவ்வளவு கண்டிப்போடு எடைபோட்டாலும் உயர்ந்தே நிற்கிறது. மிதந்து வாழும் கோபிபாட்டுக்கு நீரே இருப்பிடம். அந்த நீரை சீவெல் அளந்தார். ஆசியக் கழக நினைவேட்டில் அவர் தொடர்ந்து எழுதிய இந்தியக் கடல்நீர் ஆய்வுகளில் வெப்பமும் உப்புத்தன்மையும் இடம் இடமாக, பருவம் பருவமாகப் பதிவாகியிருக்கின்றன. உயிரை அதன் சூழலிலிருந்து பிரிக்கக்கூடாது என்பதை அவர் தம் பணியாலேயே கற்பித்தார்.

அதே சீவெல் 1949இல், ஜான் மர்ரி பயணத்தின் அறிவியல் அறிக்கைகளில் ஒன்றாக, கரையோர, அரை ஒட்டுண்ணி சைக்ளோபாய்டுகளையும் நோட்டோடெல்ஃபாய்டுகளையும் பற்றி எழுதினார். 1933–34இல் எகிப்தின் மபாஹிஸ் கப்பலில் அந்தப் பயணத்தைத் தலைமையேற்று நடத்தியவர் அவரே. அறிக்கையில் மாலத்தீவுப் பவளத் திட்டுகளிலிருந்து கிடைத்தவையும், கொல்கத்தாக் காலத்தில் நிக்கோபாரின் நன்கௌரித் துறைமுகத்தில் சேர்த்தவையும் இடம்பெற்றன. படங்கள் தெளிவானவை. கணு எண்ணிக்கை, தூவி எண்ணிக்கை, கால்களின் அமைப்பு என்று ஓர் இனத்தை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய வேண்டியவை முறையாகக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் யாருக்குள், யார் மேல் வாழ்ந்தது என்ற கேள்விக்கு அதிலுள்ள பல இனங்களுக்கு விடை இல்லை. பாசியை அலசியபோது வந்தது, பவளத்தை அலசியபோது வந்தது என்பதோடு பதிவு நின்றுவிடுகிறது. திறந்த கடலில் ஒவ்வொரு மாதிரிக்கும் நீரின் நிலையைக் குறித்த அதே கை, உடம்புக்குள் வாழும் உயிருக்கு அந்த உடம்பைக் குறிக்காமல் விட்டது.

சீவெலுக்காகப் பேசுகிறவர்கள் இரண்டு நியாயங்களைச் சொல்லலாம். இரண்டும் வலுவானவை. கடலிலிருந்து எடுத்த அசிடியன் மூச்சுத் திணறத் தொடங்கியதும் உள்ளிருக்கும் கோபிபாடுகள் பல வெளியேறிவிடும். கப்பல் தளத்தில் ஒரு வாளிக்குள் பத்து வகை உயிர்கள் குவிந்து கிடக்கும்போது எது எதிலிருந்து வந்தது என்று யார் சொல்வது? அடுத்து, அளவைக் கப்பலின் நேரம் இயற்கையியலாளருக்குச் சொந்தமல்ல. கிடைத்த இடைவெளியில் அலசிப் பொறுக்குவதே முடிந்த காரியம்.

முதல் நியாயத்தை ஆர்தர் ஹியூம்ஸின் பணி உடைத்துவிட்டது. 1960களில் மடகாஸ்கரின் நோசி பே பகுதியில் கோபிபாடுகளைத் திரட்டிய அவரும் அலசும் முறையைத்தான் கையாண்டார். ஆனால் ஒவ்வொரு புரவலனையும் நீருக்கடியிலேயே தனிப் பையில் பிரித்து வைத்து, சிறிதளவு சாராயம் கலந்த கடல்நீரில் தனியே அலசினார். கோபிபாடு புரவலனை விட்டு வெளியேறினாலும் அதே பையில்தான் இருக்கும். ஆக, அலசியது பிழையில்லை, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து அலசியதே பிழை. இரண்டாம் நியாயத்தை நான் ஏற்கிறேன். ஆனால் அது சீவெல் என்ற மனிதரைக் குற்றத்திலிருந்து விடுவிக்குமே தவிர, அவர் நூலின் குறையை நிரப்பாது. நூலை எடைபோடும்போது எழுதியவரின் சிரமம் தராசில் ஏறக்கூடாது.

விடுதலைக்குப் பின் மண்டபத்தில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த உம்மர்குட்டியும், சென்னைக் கடலோரக் கோபிபாடுகளை ஆராய்ந்த கிருஷ்ணசாமியும் நம் பட்டியலைப் பெருக்கினார்கள். அவர்கள் உழைப்பு சிறிதல்ல. ஆனால் அசிடியனின் கூடையை ஒழுங்காகத் திறந்து, இனம் இனமாக உள்ளிருப்போரைக் கணக்கெடுக்கும் தனித்துறை ஒன்று இங்கே உருவாகவில்லை. தூத்துக்குடியிலும் விழிஞ்ஞத்திலும் அசிடியன்களைப் பற்றிய நல்ல ஆய்வுகள் பல பத்தாண்டுகளாக நடந்துவருகின்றன. புரவலன்களின் இனங்காணல் அங்கே நன்கு வேரூன்றியிருக்கிறது. 1984இல் தூத்துக்குடியின் ரெங்கநாதன், பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பிரான்சுவாஸ் மோனியோவுடன் சேர்ந்து இந்திய அசிடியன் பட்டியலுக்குப் புதிய இனங்களைச் சேர்த்த கட்டுரையையும் வெளியிட்டார்.

அந்த மோனியோ பெயரை மறந்துவிடாதீர்கள். அவரும் கணவர் குளோத் மோனியோவும் உலகெங்கும் திரட்டிய அசிடியன்களைப் பிரித்து ஆராய்ந்தபோது, உள்ளே கண்ட கோபிபாடுகளை வீசிவிடாமல், எந்தப் புரவலனிலிருந்து வந்தது என்ற குறிப்போடு எடுத்து வைத்தார்கள். அந்தக் குப்பிகளை ஆராய்ந்த கொரியாவின் இல்-ஹோய் கிம்மும் பிரிட்டனின் ஜெஃப்ரி பாக்ஸ்ஷாலும் 2020இல் நோட்டோடெல்ஃபிடே குடும்பத்தைப் பற்றி அறுநூறு பக்கங்களுக்கு மேல் நீண்ட ஒரு நூலை வெளியிட்டார்கள். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் அறிவியலுக்குப் புதியவை. எந்தக் கப்பலும் இதற்காகப் புதிதாகக் கிளம்பவில்லை. அலமாரியில் இருந்த குப்பிகளே போதுமாக இருந்தன.

அந்த நூலுக்கும் எல்லைகள் உண்டு. சாராயத்தில் ஊறிய உடலிலிருந்து உயிர் நடமாடும் விதத்தைச் சொல்ல முடியாது. சில இனங்களுக்குக் கையில் இருந்தவை ஓரிரு மாதிரிகளே. பலவற்றின் ஆண் கிடைக்கவில்லை. இந்த வகையில் டட்லியின் 1966ஆம் ஆண்டு நூல் இன்னும் ஒரு படி மேலே நிற்கிறது, ஏனென்றால் அவர் வளர்த்துப் பார்த்தார். உடற்கூறு, புரவலன், வளர்ச்சிப் பருவங்கள் மூன்றையும் ஒரே இடத்தில் சேர்த்த அந்த விவரிப்பே என் அளவுகோல். ஆனால் இருப்பிடக் குறிப்பு என்ற ஒரே அளவையில் பார்த்தால் கிம்–பாக்ஸ்ஷால் நூல் சீவெலின் நூலை வெகுதொலைவில் பின்னே விடுகிறது. சீவெலின் ஒரு படத்தைப் பார்க்கிறவர் இந்தக் கொக்கி எவ்வளவு நீளம் என்று தெரிந்துகொள்வார். கிம்–பாக்ஸ்ஷாலின் படத்தைப் பார்க்கிறவர், இந்த நீளக் கொக்கி தனித்து வாழும் பெரிய அசிடியனின் கூடையில் பற்றுவதற்கா, கூட்டமாக வாழும் சிறு அசிடியனின் நெருக்கடியில் ஊன்றுவதற்கா என்று ஒப்பிட்டு யோசிக்க முடியும். முன்னது ஓர் இனத்தை அடையாளம் காணப் பயன்படும். பின்னதைக் கொண்டு அந்த உறுப்பு ஏன் அப்படி இருக்கிறது என்று விளங்கிக்கொள்ளலாம்.

இது வெறும் ஏட்டுக் கவலை அல்ல. கப்பல்களின் அடியில் ஒட்டிக்கொண்டு அசிடியன்கள் ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குப் பரவுகின்றன. புதிய துறைமுகத்துக்கு வரும் அசிடியன் தனியாக வருவதில்லை. தன் கூடைக்குள் இருப்பவற்றையும் கொண்டுவரக்கூடும். அவை உள்ளூர் அசிடியன்களுக்கு மாறுகின்றனவா என்று கேட்க வேண்டுமானால், உள்ளூர் அசிடியன்களுக்குள் முன்பு யார் இருந்தார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். புரவலன் பெயர் இல்லாத பட்டியல் அந்தக் கேள்விக்கு உதவாது.

எனவே என் தீர்ப்பு இது. தாம்சன்–ஸ்காட்டின் 1903 அறிக்கையும் சீவெலின் 1949 அறிக்கையும் உறுப்புகளின் விவரிப்பாக நம்பத்தக்கவை. இனங்காணலுக்கு அவற்றை விட்டுவிட்டு யாரும் தொடங்க முடியாது. ஆனால் உடம்புக்குள் வாழும் ஓர் உயிரின் உடற்கூறாக அவை நிறைவுபெறாதவை. புரவலன் தெரியாத இனங்களை இனிவரும் நூல்கள் தயக்கத்தோடுதான் மேற்கோள் காட்ட வேண்டும். அவற்றை அதே நன்கௌரியிலும் அதே மன்னார் வளைகுடாவிலும் தனித்தனிப் புரவலனிலிருந்து மீண்டும் எடுத்து, மறுவிவரிப்பு செய்ய வேண்டும். லங்கெஸ்டர் வழிவந்த சிதைவு என்ற சொல்லை நோட்டோடெல்ஃபிடே குடும்பத்துக்குப் பாடநூல்கள் இனிப் பயன்படுத்தக்கூடாது. வாயுறுப்புகளும் முதுகறையும் அதற்கு எதிரான சாட்சிகள்.

கொல்கத்தாவில் உள்ளவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓகா 1915இல் பட்டியலிட்ட சேகரத்திலும் அதன்பின் சேர்ந்தவற்றிலும் எஞ்சியிருக்கும் அசிடியன் குப்பிகளை அசிடியன் அறிந்த ஒருவரும் கோபிபாடு அறிந்த ஒருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து திறந்து பாருங்கள். செவுள்கூடை, உணவுக்குழல், குடல் என்று அறை அறையாகப் பிரித்து, எந்த அறையில் எது இருந்தது என்று எழுதிவையுங்கள். குப்பியின் அடியில் படிந்திருக்கும் வண்டலைக் கொட்டிவிடாதீர்கள். புரவலனை விட்டு வெளியேறிய கோபிபாடுகள் அதில்தான் கிடக்கும்.